முதலில் போனது விளம்பரம், கடைசியில் போனது வாசகர்

கம்ப்யூட்டர் பத்திரிகைகளை இன்டர்நெட் கொன்றுவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்த வரி பாதிதான் உண்மை. முதலில் போனது விளம்பரம். பிறகு, உள்ளே வைத்துக் கொடுத்த சிடிக்கு மதிப்புப் போனது. வாசகர் போனது எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, 'ஜனங்கள் படிப்பதை விட்டுவிட்டார்கள்' என்று அங்கலாய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க இதழ் இல்லாமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவன் நான்.

வேலூர் பழைய பஸ் நிலையத்தை ஒட்டி என் தாய்மாமா பத்திரிகைக் கடை வைத்திருந்தார். ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் மாலை வேளைகளில் அந்தக் கடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சம்பளம் கிடையாது. கடையில் இருக்கும் வரை எதை வேண்டுமானாலும் படிக்கலாம், தாளில் மடிப்பு விழக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். அப்படிப் படித்ததை முதலாக வைத்துத்தான் பிறகு சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும் செய்கிற கடையைத் திறந்தேன். ஆக, அந்தப் பத்திரிகைகளை விற்றவனும் நான், அவற்றை நம்பித் தொழில் செய்தவனும் நான்.

வாங்கியவர்கள் யார் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. விஐடி மாணவர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். கொஞ்ச காலம் இருந்தார்கள். வளாகத்துக்குள் வேகமான இணைப்பு கிடைத்ததும் முதலில் காணாமல் போனவர்களும் அவர்களே. நிலைத்து நின்றவர்கள் வேறு ரகம்: ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றிக்கொண்டிருந்தவர்கள். இவர்களோடு, கொல்கத்தாவிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் நோயாளிகளை அழைத்துக்கொண்டு சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, காந்தி ரோடு லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருந்த உறவினர்கள். அவர்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் தடிமனானதாகப் பார்த்து எடுப்பார்கள். வராந்தாவில் காத்திருக்கும் பொழுதை எதைக் கொண்டாவது போக்க வேண்டுமே.

டேட்டாக்வெஸ்ட் 1982-இலேயே வந்துவிட்ட தொழில்துறைப் பத்திரிகை, அது எங்கள் கடைக்கு எப்போதாவதுதான் வரும். 1987-இல் தொடங்கிய பிசி குவெஸ்ட், 2001-இல் வந்த டிஜிட், 2003-இல் வந்த லினக்ஸ் ஃபார் யூ ஆகியவைதான் ஆங்கிலத்தில் ஓடியவை. தமிழில் 'தமிழ் கம்ப்யூட்டர்' இருந்தது. தினமலர் நாளிதழோடு 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பாக வந்தது. இணைப்பு வரும் நாளில் நாளிதழை வாங்கி, அந்தச் சில பக்கங்களை மட்டும் தனியே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதி நாளிதழைக் கடையிலேயே விட்டுப்போன ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும். அவர் விட்டுப்போன தாளில் மாமா டீக்கடைக்கு வடை மடித்துக் கொடுக்க வழி செய்தார், அது வேறு கதை.

பத்திரிகைத் தொழிலில் வாசகருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அதற்குப் பெயர் ரிட்டர்ன். ஏஜெண்டுக்குச் சென்னையிலிருந்து கட்டு வரும். விற்றதற்குக் கமிஷன் போகப் பணம் கட்ட வேண்டும், விற்காததைத் திருப்பி அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மலிவான இதழாக இருந்தால் முழுப் பிரதியைக்கூட அனுப்ப வேண்டியதில்லை, அட்டையில் பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்து அனுப்பினால் போதும். விற்காத ஒவ்வொரு பிரதிக்கும் தாள், அச்சு, போக்குவரத்து என்று மூன்று செலவும் பதிப்பாளர் தலையில் விழும். நூறு ரூபாய் விலையில், ஆர்ட் பேப்பரில் அச்சடித்து, கூடவே சிடியும் வைத்த இதழ் திரும்பி வந்தால் நஷ்டம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் பதிப்பாளர்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவைச் சொல்லியாக வேண்டும். கையிருப்பு இறுகியதும் அவர்கள் முதலில் வெட்டியது சிற்றூர்களுக்குப் போகும் பிரதிகளை. குடியாத்தத்துக்கு நான்கு பிரதி போய் இரண்டு திரும்பினால், 'அங்கே பாதிக்குப் பாதி ரிட்டர்ன்' என்று கணக்கில் ஏறும். அடுத்த மாதம் குடியாத்தத்துக்கு இதழ் கிடையாது. அந்த இரண்டு வாசகர்களும் இரண்டு மாதம் வேலூருக்கு வந்து கேட்பார்கள். மூன்றாம் மாதம் அவர்கள் பழக்கம் விட்டுப்போகும். ஆற்காட்டிலும் வாணியம்பாடியிலும் இதுவே நடந்தது. பத்திரிகை தேவைப்பட்டவர்கள் பெரும்பாலும் இப்படி நல்ல இணைப்பு இல்லாத ஊர்களில்தான் இருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. "மாப்பிள்ளை, கேட்கிற இடத்துக்கு வராது, வருகிற இடத்தில் கேட்க மாட்டார்கள்" என்று மாமா ரிட்டர்ன் கட்டு கட்டும்போதெல்லாம் சொல்வார்.

இன்னொன்றும் செய்தார்கள். சிடி வைக்கத் தொடங்கியதும் திருட்டுப் பயத்தில் இதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். வழியிலேயே சிடி உருவப்பட்டு வரும் பிரதிகள் உண்டு என்பதால் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கடையில் நின்று புரட்டிப் பார்க்கும் பையன்களுக்கு அதோடு கதவு அடைபட்டது. ஓசியில் புரட்டுகிறவனைக் கடைக்காரர்கள் விரட்டுவார்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மாமா விரட்ட மாட்டார். ஒரு வருடம் ஓசியில் புரட்டியவன் வேலைக்குப் போனதும் காசு கொடுத்து வாங்குவான் என்பது அவர் கணக்கு, அது பெரும்பாலும் பலித்தது. உறை போட்ட பிறகு புதிதாக ஒருவன்கூட அப்படி முளைக்கவில்லை. இது என் சொந்தத் தீர்ப்பு: இன்டர்நெட்டுக்கு முன்பே அந்தப் பிளாஸ்டிக் உறை ஒரு தலைமுறை வாசகர்களை வெளியே நிறுத்திவிட்டது.

விளம்பரத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் பத்திரிகை தடியாக இருந்ததற்குக் கட்டுரைகள் காரணமல்ல. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் ஷாப்பர் என்ற மாத இதழ் 1990-களில் ஆயிரம் பக்கம் வரை ஊதியது. பாதிக்கு மேல் விலைப்பட்டியல் விளம்பரம். அதைப் பார்த்துத்தான் மக்கள் டெல், கேட்வே நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் ஆர்டர் கொடுத்தார்கள். 1996-இல் டெல் தன் இணையதளத்திலேயே விற்பனையைத் தொடங்கியது. விலை அங்கேயே தெரியும்போது, மாதம் ஒரு முறை பழைய விலையை அச்சடிக்கப் பக்கத்துக்குப் பணம் கட்டுவானேன்? 1975 செப்டம்பரில் பிறந்து ஒரு தலைமுறைக்கே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொடுத்த பைட் பத்திரிகை 1998 ஜூலை இதழோடு நின்றபோது அதற்கு லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள். பிசி மேகசின் 2009 ஜனவரியோடு அச்சை நிறுத்தியது, அதே ஆண்டு கம்ப்யூட்டர் ஷாப்பரும் நிறுத்தியது. 2008-இன் பொருளாதார நெருக்கடியில் விளம்பரங்கள் வறண்டுபோன நேரம் அது. பிசி வேர்ல்டு 2013-இல் போனது. மாக்ஸிமம் பிசியும் மாக்லைஃபும் 2023-இல் அச்சை விட்டன.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு டெல்லும் கேட்வேயும் விளம்பரம் கொடுத்ததில்லை. அவற்றைத் தாங்கியவை கம்ப்யூட்டர் பயிற்சி மையங்கள். 1990-களின் கடைசியில் வேலூர் ஆபீசர்ஸ் லைனில் நடந்தால் மாடிக்கு மாடி பலகை தொங்கும்: சி, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், வேலை உத்தரவாதம். 2001-இல் அமெரிக்க டாட்காம் நிறுவனங்கள் கவிழ்ந்ததும் அந்தப் பலகைகள் இறங்கத் தொடங்கின. பலகை இறங்கிய வேகத்திலேயே இதழ்களின் பக்கமும் குறைந்தது. பொருளடக்கத்தைப் பார்த்தால் எழுத்தாளர்கள் அதே ஆட்கள், எழுத்தும் அதே தரம். கையில் எடுத்தால் மட்டும் எடை குறைந்திருக்கும். எடை குறைந்த இதழுக்கு அதே விலை கொடுக்க வாசகர் யோசிப்பார். இப்படித்தான் ஒன்று இன்னொன்றைத் தின்றது.

சிடியின் கதை இதைவிடச் சுவாரசியமானது. போன் லைன் வழியே இணையும் டயல்-அப் மோடத்தில் நொடிக்கு ஐந்து கிலோபைட் வந்தால் அன்று நல்ல நாள். அந்த வேகத்தில் 700 எம்பி சிடி ஒன்றை இறக்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் லைன் துண்டிக்கப்படாமல் இருந்தால். பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சிடியின் சரக்கு 1,200 ரூபாய் ஆகிறது. அதையே நூறு ரூபாய்க்குப் பத்திரிகையோடு கொடுத்தார்கள். 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்பு வந்தபோது அதன் முழுக்கோப்பு சுமார் 266 எம்பி. எனக்கு அது கிடைத்தது ஒரு பத்திரிகை சிடியில்தான். அந்த ஒரு சிடியை வைத்துக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை எத்தனை மெஷின்களுக்குப் போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை.

ஆனால் பத்திரிகையின் அசல் பலம் சிடியில் இல்லை, தேடாமல் கண்ணில் படும் விஷயங்களில் இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம், அதாவது இணைப்பு வழியே தானாகப் பரவும் வைரஸ் வகை, பரவியது. இன்டர்நெட் இணைப்பைக் கொடுத்த சிறிது நேரத்தில் திரையில் ஒரு சிறிய பெட்டி தோன்றும், 60 நொடியில் கம்ப்யூட்டர் அணையும் என்று எண்ணத் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே, அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டிருந்தது. ஒன்றரை எம்பிக்கும் குறைவான சிறு கோப்புதான். ஆனால் டயல்-அப்பில் அதை இறக்க நான்கைந்து நிமிடம் வேண்டும், வார்ம் கொடுப்பதோ ஒரு நிமிடம். குடியாத்தத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் போனில் அழைத்தார். "அண்ணா, எல்லா மெஷினும் ஒன்றன் பின் ஒன்றாகத் தானே அணைகிறது, கரண்ட்டில் கோளாறா?" என்றார்.

சில மாதங்களுக்கு முன் ஏதோ ஒரு பத்திரிகையின் குறிப்புகள் பக்கத்தில் எக்ஸ்பி கட்டளைகளின் பட்டியல் ஒன்றைப் படித்திருந்தேன். அணையப்போகும் கம்ப்யூட்டரை நிறுத்திவைக்கும் கட்டளை ஒன்று அதில் இருந்தது. படித்தபோது 'இது யாருக்குத் தேவைப்படும்' என்றுதான் தோன்றியது. இதழைத் தேடி எடுத்து, ஸ்டார்ட், ரன் என்று போகச் சொல்லி, போனில் எழுத்து எழுத்தாகப் படித்தேன்: எஸ், எச், யூ, டி, டி, ஓ, டபிள்யூ, என், ஒரு இடைவெளி, ஒரு மைனஸ், ஏ. முதல் தடவை இடைவெளி விடாமல் அடித்துவிட்டார், அதற்குள் அணைந்துவிட்டது. இரண்டாம் தடவை பெட்டி மறைந்தது. மறுமுனையில் இருந்தவர் போட்ட கூச்சல் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. பேட்சை ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி, உறையில் போட்டு, குடியாத்தம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

அன்று கூகுள் இல்லாமல் இல்லை. ஆனால் தேட வேண்டும் என்றால் எதைத் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கட்டளை இருப்பதே தெரியாதவன் எதைத் தேடுவான்?

2005-இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. ஒரு திட்டத்தில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை பதிவிறக்கத்துக்குக் கணக்கு கிடையாது. இரவு ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து மோடத்தைப் போட்டுவிட்டுத் தூங்கிய கூட்டம் வேலூரிலும் இருந்தது. சிடியின் மதிப்பு சரியத் தொடங்கியது அப்போதுதான். பத்திரிகைகள் டிவிடிக்கு மாறின, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தன. பெட்டி பெரிதானதே தவிர, உள்ளே போட இனி அரிய சரக்கு இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அந்தக் கணக்கு முடிந்தது. லேப்டாப்களிலும் டிவிடி டிரைவ் இல்லாமல் போனது. பிறகு 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி நியூஸ்பிரிண்டுக்கும் பத்திரிகைகளுக்கான மெல்லிய பளபளப்புத் தாளுக்கும் பத்து சதவீத சுங்க வரி போட்டார்கள். அடுத்த ஆண்டு ஐந்தாகக் குறைத்தார்கள். குறைத்த கையோடு 2020 மார்ச்சில் ஊரடங்கு, ரயில் நின்றது, பார்சலும் நின்றது. அதன் பிறகு மாமா கடைத் தட்டில் அந்த வரிசை நிரம்பவே இல்லை. அங்கே இப்போது மொபைல் உறைகளும் சார்ஜர் ஒயர்களும் தொங்குகின்றன. ஓப்பன் சோர்ஸ் ஃபார் யூ என்று 2012-இல் பெயர் மாற்றிக்கொண்ட லினக்ஸ் ஃபார் யூ போன்ற சில மட்டும் கடைத் தட்டை நம்பாமல், சந்தாவையும் டிஜிட்டல் பதிப்பையும் நம்பி நடக்கின்றன.

அச்சுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக அதன் குறையை மறைக்க வேண்டியதில்லை. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரிய நிலநடுக்கம் வந்து, கம்ப்யூட்டரின் நினைவகமான ராம் விலை தாறுமாறாக ஏறியது. அதற்கு முன் அச்சான விலைப்பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, 'பத்திரிகையில் போட்ட விலைக்குக் கொடு' என்று மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் விலை ஏறியபோதும் அதே கூத்து. விலை விஷயத்தில் அச்சு எப்போதும் பின்தங்கியேதான் இருந்தது. அந்த வேலையை இணையம் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் ஒரு பக்கத்துக்காக மட்டும்: ஒப்பீட்டு அட்டவணை. ஒரே மாதத்தில் சந்தையில் இருக்கும் பிரிண்டர்களையெல்லாம் ஒரே மேசையில் வைத்து, ஒரே சோதனையைச் செய்து, பத்து வரிசையில் எண்களைப் போட்டு, கீழே எப்படிச் சோதித்தோம் என்று எழுதுவார்கள். விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் பொருள் மூன்றாம் இடத்தில் இருந்தாலும் அது அட்டவணையில் தெரிந்துவிடும். இன்று ஒரு வீடியோவில் ஒரு பொருள்தான் வருகிறது, அதையும் பெரும்பாலும் நிறுவனமே அனுப்பி வைத்திருக்கிறது, கீழே வாங்குவதற்கான இணைப்பு இருக்கிறது, அதில் வாங்கினால் வீடியோ போட்டவருக்குக் கமிஷன். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. எதனோடு ஒப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவரிடம் வேறு பொருள் இல்லை.

அதனால் என் கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த அட்டவணையை நீங்களே போடுங்கள் என்று சொல்கிறேன். ஒரு வெள்ளைத்தாள் போதும். லேப்டாப் என்றால் முதல் வரிசையில் பெயர் எழுதாதீர்கள், அடிப்பக்க ஸ்டிக்கரிலும் பெட்டியிலும் இருக்கும் முழு மாடல் எண்ணை எழுதுங்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு லேப்டாப்களில் ஒன்றின் திரை பளிச்சென்றும் இன்னொன்று வெளுத்தும் இருப்பது சாதாரணம். வீடியோவில் காட்டியது முதலாவதாகவும், இங்கே விற்பனைக்கு வந்தது இரண்டாவதாகவும் இருக்கும். அடுத்து, ராம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டதா, கூடுதல் ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். ஒட்டப்பட்டிருந்தால் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே தேவையான அளவு வாங்கிவிட வேண்டும். பிறகு வாரண்டி: ஆள் வீட்டுக்கு வருவாரா, நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? போக வேண்டும் என்றால் எந்த ஊருக்கு? சர்வீஸ் சென்டர் சென்னையில் மட்டும் என்றால், காட்பாடியில் ரயிலேறி ஒரு நாளைத் தொலைப்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டருக்கு இன்னும் சுலபம். பழைய பத்திரிகைகள் தவறாமல் போட்ட ஒரே ஒரு எண் போதும்: ஒரு பக்கத்துக்கு எவ்வளவு செலவு. டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) அல்லது மை விலையை, அது எத்தனை பக்கம் வரும் என்று நிறுவனம் சொல்லும் எண்ணால் வகுத்தால் முடிந்தது. லேசர் கறுப்பு வெள்ளைக்கு அந்த எண்ணிக்கை ஐஎஸ்ஓ 19752 என்ற தரப்படி எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை எனக்கு நம்பத் தோன்றாது. பெட்டியோடு வரும் டோனர் பெரும்பாலும் பாதி நிரப்பியதுதான் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜெராக்ஸ் கடை வைக்கப் போகிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் பிரிண்டர் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், ஆறு மாதத்தில் பிரிண்டர் விலையைவிட டோனருக்கு அதிகம் கொடுத்திருப்பார்.

தேடாமல் கண்ணில் படும் விஷயத்துக்கு மாற்று கண்டுபிடிப்பதுதான் கடினம். என் கடையில் வேலை கற்கும் பையன்கள் போனில் நாள் முழுக்கப் படிக்கிறார்கள்தான். ஆனால் நேற்று எதைப் பார்த்தார்களோ அதையே போன் இன்றும் காட்டுகிறது. கிராபிக்ஸ் கார்டு பார்த்தவனுக்குக் கிராபிக்ஸ் கார்டாகவே வருகிறது, யுபிஎஸ் பேட்டரியைப் பற்றி ஒரு வரிகூட வராது. வேலூரில் சர்வீஸுக்கு வருவதில் பாதி யுபிஎஸ்ஸும் பவர் சப்ளையும்தான். அதனால் மாதம் ஒரு தலைப்பு என்று நானே கொடுத்துவிடுகிறேன், அவர்கள் கேட்காத தலைப்பாகப் பார்த்து. மதர்போர்டு நிறுவனம் தரும் கையேட்டை முழுதாகப் படிக்க வேண்டும், புரிந்ததைத் தமிழில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். முணுமுணுக்கிறார்கள். எழுதுகிறார்கள். அந்த நோட்டுகளை வாடிக்கையாளர்களும் சில சமயம் புரட்டுகிறார்கள், உறை போடவில்லை.

பரணில் பழைய இதழ்கள் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் மழையில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நகரின் தாழ்வான பகுதிகளிலும் தண்ணீர் புகுந்தது. கன்சால்பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் நனைந்த இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். தமிழ் இதழ்கள் சாதாரணத் தாள் என்பதால் உப்பிப்போய், பழுப்பேறி, ஆனாலும் படிக்கும்படி காய்ந்தன. ஆங்கில இதழ்களின் பளபளப்புத் தாள் அப்படிக் காயவில்லை. அந்தத் தாளின் மேல் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அவர் ஒரு வாரம் வெயிலில் வைத்துக் காயவிட்டிருந்தார். வந்து சேர்ந்தது செங்கல். கத்தியால் பிரித்தால் ஒரு பக்கத்தின் படம் அடுத்த பக்கத்தில் போய் ஒட்டியிருந்தது. பளபளப்புத் தாள் நனைந்தால் காயும் முன்பே, ஈரமாக இருக்கும்போதே, பக்கங்களுக்கு இடையே வெள்ளைத்தாளோ பாலித்தீன் தாளோ செருக வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கலாம்.

வெள்ளம் இல்லாவிட்டாலும் வேலூர் வெயில் இருக்கிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் தகரக் கூரைக்கு அடியில் தாள் நொறுங்கும். கீழ்த்தளத்தில், சுவரை ஒட்டாமல், படுக்க வைத்து அடுக்குங்கள். நடுவில் இருக்கும் பின் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தால் எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடலாம். பைண்டிங் செய்யக் கொடுத்தால் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பழைய பைண்டர்கள் விளம்பரப் பக்கங்களையும் அட்டையையும் உருவிவிட்டுத் தைப்பார்கள், அதற்கும் விடாதீர்கள். 1998-இல் வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கு என்ன கட்டணம், 32 எம்பி ராம் என்ன விலை என்பதெல்லாம் அந்த விளம்பரத்தில்தான் இருக்கிறது, கட்டுரையில் இல்லை.

சிடிகளை நகலெடுக்க நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட பத்திரிகை சிடிகள், நாம் வீட்டில் எழுதிய சிடிகளைவிட அதிக நாள் தாங்கும், ஆனால் அவற்றைப் படிக்கும் டிரைவ்கள்தான் அருகி வருகின்றன. யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். பளபளப்பான அடிப்பக்கத்தில் விழுந்த கீறலைப் பல நேரம் சமாளித்துவிடலாம். படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் ஆழமாகக் கீறினால் தகவல் அங்கேயே போய்விடும், ஏனென்றால் சிடியில் தகவல் படலம் இருப்பது அந்த மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான். கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல் முழு சிடியையும் அப்படியே ஒரே நகலாக, ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் பழைய மென்பொருளை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், இணைய இணைப்பு இல்லாத விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சிலருக்கு விநோதமாக இருக்கும். ஆங்கில இதழ்களில் பலவற்றைப் போட்டுவிடலாம். பைட் இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன, அமெரிக்கப் பிசி மேகசினின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் இருக்கின்றன. தமிழ் இதழ்களைப் போடாதீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்தான். எல்லா இதழும் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி நம் கையில் இருப்பதை எடைக்குப் போட எனக்கு மனம் வராது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ்ப் பருவ இதழ்களைச் சேகரிக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய இதழ்களை மின்னாக்கம் செய்துவருகிறது. நீங்களே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வது வேறு, பொதுவில் போடுவது வேறு. பதிப்புரிமை இன்னும் காலாவதியாகவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காமல், முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள்: இதழின் பெயர், மாதம், ஆண்டு, அட்டை இருக்கிறதா, சிடி இருக்கிறதா. பட்டியலை அனுப்பி, தேவையா என்று கேளுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துச் சொல்வார்கள், உங்களுக்கும் சுமை குறையும். நடுவில் சில மாதங்கள் விட்டுப்போயிருக்கின்றனவே என்று தயங்க வேண்டாம். விட்டுப்போன அந்த மாதங்கள் ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ வேறொருவர் பட்டியலில் இருக்கக்கூடும்.